புதிய வீட்டில் சொந்த ரவுட்டர்: உள்நுழைவது எந்தப் பெட்டி?

குடிபுகும் நாளில் பால் காய்ச்சும் நேரத்தைப் பஞ்சாங்கம் பார்த்துக் குறித்துவைக்கிற நாம், இணையம் பொருத்துபவர் வரும் நேரத்தை மட்டும் அவர் வசதிக்கு விட்டுவிட்டு, வீட்டில் யார் இருக்கிறார்களோ அவர்கள் கதவைத் திறந்துவிட்டால் போதும் என்று இருந்துவிடுகிறோம். சேவை நிறுவனம் கொடுக்கும் பெட்டியையே பயன்படுத்தப் போகிறவர்களுக்கு அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் பழைய வீட்டில் காசு கொடுத்து வாங்கிய நல்ல ரவுட்டரை, அகராதிகள் திசைவி என்று அழைக்கும் அந்தக் கருவியை, புதிய வீட்டிலும் தொடர்ந்து பயன்படுத்த நினைப்பவருக்கு அந்த ஒரு மணி நேரம் மிகவும் முக்கியமானது. அமைப்புகளை மாற்றும் அதிகாரம் உள்ளவரோ, அத்தகையவரிடம் நேரடியாகப் பேசக்கூடியவரோ அப்போது உங்கள் கூடத்தில் நின்றுகொண்டிருக்கிறார். அவர் போன பிறகு அதே வேலைக்காக வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்து, இசை கேட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

மலேசியாவின் பினாங்கில் பாயான் பாருவுக்கு மாறியபோது அந்த ஒரு மணி நேரத்தை நான் வீணாக்கினேன். பொருத்த வந்த இளைஞர் தமிழர். "அண்ணே, இது காம்போ. உங்க ரவுட்டர் போடணும்னா பிரிட்ஜ் பண்ணணும். இப்பவே சொன்னீங்கன்னா ஆபீசுக்கு அடிச்சுக் கேட்டுடுறேன்" என்றார். காம்போ, பிரிட்ஜ் என்ற சொற்களின் பொருள் கீழே வரும். ரவுட்டரைப் பற்றி எனக்குத் தெரியாததா என்ற நினைப்பில், பிறகு பார்த்துக்கொள்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டேன். அந்தப் 'பிறகு' பதினொரு நாள் நீடித்தது. அந்த நாள்களில் நான் கற்றுக்கொண்டதையும், அதன் பின்னர் உறவினர் வீடுகளில் செய்துகொடுத்தபோது தெளிவானதையும் இங்கே எழுதுகிறேன்.

கண்ணாடி இழை முடியும் இடம்

முதலில் வீட்டுக்குள் வரும் கண்ணாடி இழை எந்தப் பெட்டியில் முடிகிறது என்று பாருங்கள். சுவரில் ஒரு சிறிய வெள்ளைப் பெட்டியும், அதிலிருந்து பச்சை முனையுடைய மெல்லிய கம்பியும் இருக்கும்; அந்தக் கம்பி போய்ச் சேரும் கருவிக்கு ஓஎன்டி என்று பெயர். டிஎம் (டெலிகாம் மலேசியா) நிறுவனத்தின் யூனிஃபை சேவையில் இதைப் பிடியு என்றும் சொல்வார்கள். இழை வழியே வரும் ஒளியை நாம் லேன் கேபிளில் எடுத்துக்கொள்ளக்கூடிய மின்குறிப்புகளாக மாற்றுவதே இதன் வேலை.

இந்தப் பெட்டியை நீங்கள் மாற்ற இயலாது என்பதை முதலிலேயே ஏற்றுக்கொள்வது நல்லது. வீட்டு இணைப்புகளில் பரவலாக உள்ள ஜிபான் முறையில், சேவை நிறுவனத்தின் நிலையத்திலிருந்து புறப்படும் ஓர் இழை வழியில் பிரிக்கப்பட்டுப் பல வீடுகளுக்குப் போகிறது. நொடிக்கு ஏறத்தாழ 2.5 கிகாபிட் கொள்ளும் அந்தப் பாதையை அத்தனை வீடுகளும் பகிர்ந்துகொள்கின்றன. கீழே வருவதற்கு 1490 நானோமீட்டர் அலைநீளமும் மேலே போவதற்கு 1310 நானோமீட்டர் அலைநீளமும் ஒரே இழையில் ஓடுவதால், எந்த வீட்டுப் பெட்டி எந்தக் கணத்தில் பேசலாம் என்பதை நிலையத்துக் கருவிதான் முறை வைத்துக் கொடுக்கிறது. அதற்காக ஒவ்வோர் ஓஎன்டியின் வரிசை எண்ணும் அங்கே பதிவு செய்யப்பட்டிருக்கும். கடையில் வாங்கிய வேறோர் ஓஎன்டியை அந்தப் பச்சை முனையில் மாட்டினால் நிலையம் அதைக் கண்டுகொள்ளாது. அந்த முனையைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்க்கவும் வேண்டாம், அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி.

டிஎம்மின் பழைய இணையச் சேவையான ஸ்ட்ரீமிக்ஸ் காலத்தில் இப்படியொரு கட்டுப்பாடு இல்லை. செப்புத் தொலைபேசிக் கம்பியில் எந்த மோடத்தை மாட்டினாலும், பயனர் பெயரும் கடவுச்சொல்லும் சரியாக இருந்தால் வேலை செய்தது. அந்தப் பழக்கத்தில் வந்தவர்கள்தான் இன்று "நான் வாங்கின பெட்டி, நான் மாட்டினா வரவேண்டியதுதானே" என்று திகைக்கிறார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்.

ஓஎன்டி தனிப்பெட்டியாகவும், ரவுட்டர் வேறொரு பெட்டியாகவும் இருந்தால் உங்கள் வேலை எளிது. இரண்டாவது பெட்டியை மட்டும் உங்களுடையதால் மாற்றப் போகிறீர்கள். இரண்டும் ஒரே பெட்டியில் சேர்ந்திருந்தால் அதுதான் காம்போ. இப்போது பல வீடுகளில் இதையே பொருத்துகிறார்கள், இதில்தான் கொஞ்சம் பேச்சுவார்த்தை தேவைப்படுகிறது. மூன்றாவதாக, பழைய அடுக்குமாடிகள் சிலவற்றில் இழை கட்டடத்தின் தொலைத்தொடர்பு அறையோடு நின்றுவிடும். அங்கிருந்து வீடு வரை பழைய தொலைபேசிக் கம்பியில் விடிஎஸ்எல் முறையில் இணையம் வரும். அப்படிப்பட்ட வீட்டில் ஓஎன்டிக்குப் பதில் விடிஎஸ்எல் மோடம் இருக்கும். ஆனால் அதற்குப் பின்னால் ரவுட்டரை வைக்கும் முறை ஒன்றேதான். வீடு வாங்கும் முன்பே அல்லது வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே, அந்தக் கட்டடத்தில் எந்த நிறுவனத்தின் இழை எதுவரை வருகிறது என்று நிர்வாக அலுவலகத்தில் கேட்டுவிடுவது மேல்.

ஒரே ஒரு பெட்டிதான் உள்நுழையும்

இனி வரும் எல்லாச் சிக்கல்களும் ஒரே கேள்வியில் அடங்கும். இணையத்திற்குள் பயனர் பெயர் சொல்லி உள்நுழைவது எந்தப் பெட்டி? மலேசியாவில் பெரும்பாலான ஃபைபர் சேவைகள் பிபிபிஓஇ என்ற முறையில் இயங்குகின்றன. வீட்டிலுள்ள ஒரு பெட்டி பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் அனுப்பி, நிறுவனத்தின் கருவி அதை ஒப்புக்கொண்டு ஓர் ஐபி முகவரியைத் திருப்பித் தந்தால்தான் இணையம் திறக்கும். யூனிஃபை வீட்டுச் சேவையில் அந்தப் பயனர் பெயர் '@' குறியும் 'யூனிஃபை' என்ற சொல்லுமாக முடியும். இவை பொருத்துபவர் தரும் தாளிலோ வரவேற்பு மின்னஞ்சலிலோ இருக்கும். இல்லையென்றால் அவர் புறப்படும் முன் கேட்டு, ஆங்கில எழுத்துகளைப் பெரியது சிறியது பார்த்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பில் கட்டும் செயலியின் கடவுச்சொல் வேறு, இது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர்.

காம்போ பெட்டி தானே உள்நுழைந்துகொண்டு, அதற்குப் பின்னால் உங்கள் ரவுட்டரையும் மாட்டினால் இணையம் வரத்தான் செய்யும், ஆனால் ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு ரவுட்டர்கள் நிற்கும். வெளியிலிருந்து வரும் அழைப்பு முதல் வாசலைக் கடந்தாலும் இரண்டாம் வாசலில் நின்றுவிடும். யூடியூப் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது. வீட்டுக் கேமராவை வெளியிலிருந்து நேராகத் திறக்கிறவருக்கும், வீட்டிலுள்ள சேமிப்புக் கருவியைக் கோலாலம்பூரிலிருந்து எட்டுகிறவருக்கும், விளையாட்டுகளை நண்பர்களுக்குத் தாமே நடத்தும் பிள்ளைகளுக்கும் தெரியும். மேலும், இரண்டு பெட்டிகளும் 192.168.1.1 என்ற அதே முகவரியைத் தமக்கு வைத்துக்கொண்டால், எதைத் திறந்தாலும் எது திறக்கிறது என்றே புரியாத நிலை உண்டாகும்.

இதற்குத் தீர்வு பிரிட்ஜ் நிலை. காம்போவின் ரவுட்டர் பாதியை உறங்கவைத்து, அதை வெறும் ஒளிமாற்றியாக மட்டும் நிறுத்திவிட்டு, உள்நுழையும் பொறுப்பை உங்கள் ரவுட்டருக்குக் கொடுப்பது. காம்போவின் மேலாளர் (அட்மின்) கடவுச்சொல் பெரும்பாலும் நமக்குத் தரப்படுவதில்லை. அதனால் பொருத்துபவரோ நிறுவனமோதான் இதைச் செய்ய வேண்டும். எனக்கு நேர்ந்தது என்னவென்றால், முதல் அழைப்பில் முடியாது என்றார்கள், இரண்டாம் அழைப்பில் முடியும் என்றார்கள், மூன்றாம் அழைப்பில் அந்த வசதியைப் பற்றியே கேள்விப்பட்டதில்லை என்றார்கள். கேட்கும் சொல்லைச் சரியாகச் சொன்னால் வேலை சீக்கிரம் நடக்கிறது: "ஓஎன்டியை பிரிட்ஜ் நிலைக்கு மாற்றுங்கள், என் ரவுட்டரே பிபிபிஓஇ செய்யும்" என்று இந்த இரண்டு பெயர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். மலாயிலோ ஆங்கிலத்திலோ பேசினாலும் இந்தச் சொற்கள் மாறுவதில்லை.

விலேன் எண் ஒளிந்திருக்கும் பக்கம்

பயனர் பெயரும் கடவுச்சொல்லும் சரி, பிரிட்ஜும் சரி, ஆனாலும் இணைப்பு வரவில்லை என்றால், பெரும்பாலும் காரணம் விலேன் எண்தான். ஒரே இழையில் இணையம், தொலைக்காட்சி, தொலைபேசி ஆகிய மூன்றும் கலந்து வரும்போது ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் ஒட்டி அனுப்புகிறார்கள்; ஒரே லாரியில் வரும் மூட்டைகளுக்கு வெவ்வேறு கடையின் முத்திரை குத்துவதைப் போல. யூனிஃபையில் இணையத்துக்கான எண் 500, தொலைக்காட்சிக்கு 600. மேக்சிஸ் ஃபைபரில் இணையத்துக்கு 621. உங்கள் ரவுட்டர் அந்த எண்ணைக் குத்தாமல் அனுப்பினால் மறுமுனை அதைக் காதில் போட்டுக்கொள்ளாது, தவறு என்றுகூட அறிவிக்காது. ரவுட்டர் 'இணைக்கிறது, இணைக்கிறது' என்று காட்டிக்கொண்டே இருக்கும். மற்ற நிறுவனங்களின் எண்ணைப் பொருத்துபவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், ஊகிக்க வேண்டாம்.

இந்த எண்ணைப் போடும் இடம்தான் பலரை ஏமாற்றுகிறது. ஏசுஸ் ரவுட்டரில் அது இணையப் பக்கத்தில் இல்லை. லேன் என்ற பகுதிக்குள் ஐபிடிவி என்ற பக்கத்தில் இருக்கிறது. வீட்டில் அந்த நிறுவனத்தின் தொலைக்காட்சிச் சேவையே இல்லாதவர் அந்தப் பக்கத்தை ஏன் திறக்கப் போகிறார்? நான் திறக்கவில்லை, ஒரு மாலை முழுதும் போயிற்று. அங்கே நிறுவனப் பட்டியலில் யூனிஃபை வீட்டுச் சேவை, யூனிஃபை வணிகச் சேவை, மேக்சிஸ் ஃபைபர் ஆகிய பெயர்கள் ஆயத்தமாகவே இருக்கின்றன. உரியதைத் தேர்ந்து சேமித்தால் எண் தானாகவே அமைந்துவிடும். டிபி-லிங்க் ரவுட்டர்களிலும் ஐபிடிவி அல்லது விலேன் என்ற பக்கத்தில் மலேசிய யூனிஃபை, மலேசிய மேக்சிஸ் என்ற தெரிவுகள் பல மாடல்களில் உண்டு. மிக்ரோடிக் போன்றவற்றில் நீங்களே விலேன் ஒன்றை உருவாக்கி, அதன் மீது பிபிபிஓஇயை அமைக்க வேண்டியிருக்கும். அதை வாங்கியவருக்கு அது தெரிந்தே இருக்கும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. சில காம்போக்களை பிரிட்ஜுக்கு மாற்றும்போது விலேன் எண்ணை அந்தப் பெட்டியே ஒட்டியும் பிரித்தும் கொள்ளும்படி அமைத்துவிடுகிறார்கள். அப்போது உங்கள் ரவுட்டரும் எண் குத்தினால் இரட்டை முத்திரையாகிவிடும். ஆகவே 500 போட்டு வரவில்லையென்றால், விலேனை அறவே நீக்கிவிட்டு ஒருமுறை முயன்று பாருங்கள். என் வீட்டில் பதினோராம் நாள் இணையம் வந்தது அப்படித்தான்.

செய்யும் வரிசை

பழைய வீட்டிலிருந்து கொண்டுவந்த ரவுட்டரை அப்படியே மாட்டாமல், பின்புறத்திலுள்ள ரீசெட் துளையில் ஊசியை விளக்குகள் மாறும்வரை அழுத்திப் பிடித்துத் தொடக்க நிலைக்குக் கொண்டுவாருங்கள். பழைய சேவையின் பயனர் பெயரும் விலேனும் உள்ளே கிடந்து குழப்புவதை இது தவிர்க்கும். அதற்கு முன் பழைய வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஏன் என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

அதன் பிறகு ஓஎன்டியின் முதல் லேன் துளையிலிருந்து உங்கள் ரவுட்டரின் வேன் துளைக்கு, அதாவது இணையம் உள்ளே வரும் துளைக்கு, ஒரு கேபிள். ஓஎன்டியில் நான்கு துளைகள் இருந்தாலும் எல்லாவற்றிலும் இணையம் வருவதில்லை. எதில் வருகிறது என்று பொருத்துபவரையே காட்டச் சொல்லுங்கள். ரவுட்டரின் லேன் துளையிலிருந்து மடிக்கணினிக்கு இன்னொரு கேபிள். முதல் அமைப்பை வைஃபை வழியே செய்தால் பாதியில் வைஃபை பெயர் மாறி இணைப்பு அறுந்துபோகும் என்பதால் கேபிளே பாதுகாப்பானது. உலாவியில் ரவுட்டரின் அடியிலுள்ள முகவரியைத் தட்டி உள்ளே போய், இணைப்பு வகையை பிபிபிஓஇ என்று மாற்றி, பயனர் பெயர், கடவுச்சொல், விலேன் ஆகிய மூன்றையும் இட்டுச் சேமியுங்கள்.

உடனே வரவில்லையென்றால் பதற வேண்டாம். சற்று முன்புவரை நிறுவனத்தின் பெட்டி உள்நுழைந்திருந்தால், அந்தப் பழைய அமர்வு மறுமுனையில் சில நிமிடங்கள் உயிரோடிருக்கும். ஒரே பெயரில் இரண்டாவது ஆள் நுழைவதை அது தடுக்கும். இரண்டு பெட்டிகளையும் அணைத்துவிட்டு ஒரு தேநீர் குடித்து வந்து, முதலில் ஓஎன்டியையும், அதன் விளக்குகள் நிலைத்த பிறகு ரவுட்டரையும் போடுங்கள். ஓஎன்டியில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வந்து சேரவில்லை என்று பொருள். அப்போது ரவுட்டரில் எதை மாற்றியும் பயனில்லை. இழை எங்காவது சுவர் மூலையில் கூர்மையாக மடங்கியிருக்கிறதா, அலமாரிக்குப் பின்னால் நசுங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு நிறுவனத்தை அழையுங்கள். டிஎம் வாடிக்கையாளர்களுக்கு அந்த எண் 100.

இணைப்பு வந்த பிறகும் சில தளங்கள் திறந்து, சில தளங்கள் பாதியில் தொங்கினால் எம்டியு அளவை, அதாவது ஒரு தரவுப் பொட்டலத்தின் உச்ச அளவை, பாருங்கள். ஒரு பொட்டலத்தின் வழக்கமான அளவு 1500 பைட், அதில் பிபிபிஓஇ தன் தலைப்புக்காக 8 எடுத்துக்கொள்கிறது, மீதி 1492. பெரும்பாலான ரவுட்டர்கள் இதைத் தாமே வைத்துக்கொள்ளும், ஆயினும் ஏதாவதொரு காரணத்தால் 1500 என்று கிடந்தால் கையால் மாற்றுங்கள்.

இன்னொன்று, ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் காட்டும் ஐபி முகவரி 100.64 முதல் 100.127 வரையான எண்களில் தொடங்கினால், நிறுவனமே பல வாடிக்கையாளர்களை ஒரு பொது முகவரிக்குப் பின்னால் சேர்த்து வைத்திருக்கிறது என்று பொருள். 2012ஆம் ஆண்டில் அந்தப் பயனுக்கென்றே ஒதுக்கப்பட்ட முகவரித் தொகுதி அது. அங்கே நீங்கள் வீட்டில் பிரிட்ஜ் செய்தாலும் வெளியிலிருந்து நேராக உள்ளே வர இயலாது. பொது முகவரி தர முடியுமா, அதற்குத் தனிக் கட்டணமா என்று நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும்.

வேகத்தைக் கேபிளில் அளந்துவிட்டுத்தான் வைஃபையைக் குறை சொல்ல வேண்டும். 500 எம்பிபிஎஸ் திட்டம் எடுத்திருந்தும் கேபிளில் 95க்கு மேல் ஏறவில்லையென்றால், பழைய ரவுட்டரின் துளைகள் 100 எம்பிபிஎஸ் வகையாக இருக்கலாம், அல்லது கேபிளுக்குள் உள்ள எட்டு கம்பிகளில் ஒன்று அறுந்திருக்கலாம். கேட் 5இ கேபிளே 100 மீட்டர் வரை 1 கிகாபிட் தாங்கும். அதற்கு மேல் விலையுள்ள கேபிளைக் கடைக்காரர் சொல்கிறார் என்று வாங்க வேண்டியதில்லை. 1 கிகாபிட் துளையில் அளவு 940 அளவில் நின்றால் அது குறையல்ல, துளையின் உச்சமே அதுதான். 2 கிகாபிட் திட்டம் எடுக்கிறவர் மட்டும் 2.5 கிகாபிட் வேன் துளை உள்ள ரவுட்டர் வாங்குவதில் பொருள் உண்டு.

பிரிட்ஜ் வேண்டாம் என்பவர்களுக்கு

என் சொந்தக் கருத்தைச் சொல்வதானால், பத்து வீடுகளில் ஏழெட்டு வீடுகளுக்கு இந்தப் பாடெல்லாம் தேவையில்லை. நிறுவனத்தின் பெட்டியில் வைஃபை மட்டும்தான் நலிவு என்றால், அதுவே உள்நுழையட்டும். உங்கள் ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்ட் நிலைக்கு மாற்றி, வைஃபை பரப்பும் வேலையை மட்டும் கொடுங்கள். அந்த நிலையில் முகவரி பகிர்ந்தளிக்கும் வேலை முன்பெட்டியிடமே இருப்பதால் இரண்டு வாசல் சிக்கல் வராது. முன்பெட்டியின் வைஃபையை மறக்காமல் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் இரண்டு வைஃபைகள் ஒரே கூடத்தில் போட்டியிட்டுக்கொண்டிருக்கும், பாட்டியின் கைத்தொலைபேசி எப்போதும் நலிவானதையே பிடித்துக்கொள்ளும்.

நிறுவனத்தின் தொலைக்காட்சிப் பெட்டியும் வீட்டுத் தொலைபேசியும் இருப்பவர்கள் இந்த வழியையே முதலில் யோசிக்கலாம். தொலைபேசி பெரும்பாலும் ஓஎன்டியிலோ காம்போவிலோ உள்ள தொலைபேசித் துளையில்தான் ஓடுகிறது. பிரிட்ஜ் மாற்றத்தின்போது யாராவது அதன் அமைப்பையும் சேர்த்து அழித்துவிட்டால் அம்மாவின் தொலைபேசி ஊமையாகிவிடும். பொருத்துபவர் செருப்பைப் போடும் முன் ரிசீவரை எடுத்து ஒலி வருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வைஃபையின் பெயரும் இடமும்

பழைய வீட்டின் வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் குறித்துவைக்கச் சொன்னதன் காரணம் இதுதான். புதிய வீட்டிலும் எழுத்து பிசகாமல் அதே பெயர், அதே கடவுச்சொல், அதே பாதுகாப்பு வகை வைத்துவிட்டால், தொலைக்காட்சி, கேமரா, அச்சுப்பொறி, மின்விளக்கு என்று எல்லாம் ஒன்றும் கேட்காமல் தாமே சேர்ந்துகொள்ளும். கைத்தொலைபேசியில் மாற்றுவது எளிது. கூரைக்கடியில் பொருத்திய கேமராவில் மாற்றுவதற்கு ஏணி வேண்டும்.

இடத்தைப் பொறுத்தவரை, இழை வந்து முடியும் இடத்திலேயே ரவுட்டரும் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பட்டர்வொர்த் பக்கம் என் தங்கை வீடு இரண்டு மாடித் தொடர்வீடு. வாசலை ஒட்டிய தொலைக்காட்சி மேசைக்கு அடியில் ஓஎன்டி. பிள்ளைகள் படிப்பது மாடியில் பின்னறை. இடையில் செங்கல் சுவர்கள், கான்கிரீட் தளம், கண்ணாடி பதித்த அலமாரி. கீழேயிருந்து மாடிப்படி வழியே ஒரே ஒரு கேபிளை ஓடவிட்டு ரவுட்டரை மாடி நடையில் வைத்ததும், அவர்கள் வாங்கவிருந்த மூன்று பெட்டி மெஷ் (பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையைப் பரப்பும் அமைப்பு) தேவைப்படாமல் போயிற்று. மெஷ் வாங்கத்தான் வேண்டும் என்றாலும், பெட்டிகளுக்கிடையே கேபிள் போட வழி உண்டா என்று முதலில் பாருங்கள். கம்பியில்லாமல் ஒன்றுக்கொன்று பேசும்போது வேகத்தில் நல்ல பங்கு அந்தப் பேச்சுக்கே போய்விடும். மீன்தொட்டிக்குப் பின்னாலும், இரும்பு அலமாரிக்குள்ளும், மைக்ரோவேவ் அருகிலும் ரவுட்டரை வைக்காதீர்கள். சாமி மாடத்துக்கு மேல் வைத்த வீட்டையும் பார்த்திருக்கிறேன்; வைஃபை நன்றாகத்தான் வந்தது, ஊதுபத்திப் புகையில் காற்றோட்டத் துளைகள்தான் கறுத்திருந்தன.

அடுக்குமாடிகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை அண்டை வீட்டார் வைஃபைகளால் நெருக்கமாயிருக்கும். அங்கே 1, 6, 11 ஆகிய மூன்று தடங்கள் (சேனல்கள்) மட்டுமே ஒன்றன் மேல் ஒன்று ஏறாதவை. அவற்றில் கூட்டம் குறைந்த ஒன்றில் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் நிறுத்தி, பழைய கேமரா போன்ற கருவிகளுக்கு மட்டும் விட்டுவிட்டு, மற்றவற்றை 5 கிகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோங்கள். அங்கும் 52 முதல் 144 வரையான தடங்களில் ரேடார் கேட்டால் ரவுட்டர் அந்தத் தடத்தைவிட்டு விலகியாக வேண்டும், அதனால் வைஃபை திடீரென்று மறைந்து மீண்டும் வரும். விமான நிலையம் பாயான் லெப்பாஸில் பக்கத்திலேயே இருப்பதால் நான் 36 முதல் 48 வரையான தடங்களிலேயே நின்றுகொண்டேன். அமைப்பில் நாடு மலேசியா என்று இருப்பதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள், எந்தத் தடம் எவ்வளவு ஆற்றலில் ஒலிபரப்பலாம் என்பது அதைப் பொறுத்தது.

புதிய ரவுட்டர் வாங்குவதாக இருந்தால், கோலாலம்பூரில் லோ யாட் பிளாசாவிலோ இங்கே பிராங்கின் மாலிலோ நேரில் பார்த்து வாங்கலாம், இணையக் கடையிலும் வாங்கலாம். எங்கு வாங்கினாலும் பெட்டியில் மலேசியத் தரச்சான்றான சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். நம் நாட்டின் மூன்று முள் பிளக்கும் உள்ளூர் உத்தரவாதமும் அதனோடு வருவது வழக்கம்.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாக: மேலாளர் கடவுச்சொல்லை மாற்றுங்கள், மென்பொருளைப் புதுப்பியுங்கள், வைஃபை பாதுகாப்பு வகையாக டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 வைத்துக்கொள்ளுங்கள், கடவுச்சொல் தட்டாமலே கருவிகளைச் சேர்க்கும் டபிள்யூபிஎஸ் பொத்தானையும் வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். நிறுவனத்தின் பெட்டி இதுவரை வாசற்காவலாக இருந்தது, பிரிட்ஜ் செய்தபின் அந்தக் காவல் உங்கள் ரவுட்டர் ஒன்றுதான்.

மின்னலும் பழைய பெட்டியும்

நம் ஊரில் ரவுட்டரைக் கொல்வது வயதைவிட மின்னல்தான். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் ஸ்ட்ரீமிக்ஸ் காலத்தைப் போலத் தொலைபேசிக் கம்பி வழியே இடி உள்ளே வருவதில்லை. ஆனால் மின்னிணைப்பு வழியே வரும், வீட்டுக்கு வெளியே ஓடும் கேமரா கேபிள் வழியேயும் வரும். மின்னழுத்த ஏற்றத்தைத் தடுக்கும் இணைப்புப் பலகை ஒன்றில் ஓஎன்டியையும் ரவுட்டரையும் மாட்டுங்கள், பெரிய இடி வரும்போது பிளக்கைக் கழற்றிவிடுங்கள். இரண்டும் 12 வோல்ட் அடாப்டரில் இயங்குபவையாக இருந்தால், அதே அளவு தரும் சிறிய யுபிஎஸ் ஒன்று மின்தடையின்போதும் இணையத்தைத் தாங்கும். அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பார்த்து வாங்க வேண்டும்.

கழற்றி வைத்த நிறுவன ரவுட்டரைத் தூக்கி எறியவோ, ஊரிலுள்ள மச்சானுக்குக் கொடுக்கவோ கூடாது. ஒப்பந்தம் முடியும்போது திருப்பிக் கேட்கக்கூடும். அதற்கு முன்பே, இணைப்பு பழுதென்று அழைக்கும் ஒவ்வொரு முறையும் "எங்கள் ரவுட்டரை மாட்டிப் பார்த்தீர்களா" என்பதே அவர்கள் முதற்கேள்வியாக இருக்கும். அதை அதன் அட்டைப் பெட்டியில், அடாப்டரோடும் கேபிளோடும் சேர்த்து வைத்து, பயனர் பெயர், கடவுச்சொல், விலேன் எண், பிரிட்ஜ் செய்த தேதி ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி உள்ளே போட்டுவிடுங்கள். என் வீட்டில் அந்தப் பெட்டி அரிசி வாளிக்கு மேல்தட்டில் இருக்கிறது. நான் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் இணையம் போனால் எதை எடுத்து மாட்ட வேண்டும் என்று மனைவிக்கும் தெரியும்.